நாட் கிவன் மாஷும் காதர் இக்காவின் இருமலும்

கொச்சியில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஓர் இங்கிலீஷ் கோச்சிங் சென்டர் வாசலில்தான் விழ வேண்டும். எல்லாவற்றிலும் டை கட்டிய ஒருவர் இலக்கணம் சொல்லித் தருவார். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் குடல் வெளியே வந்து விழுகிற மாதிரி இருமிக்கொண்டிருக்கும்போது அசையாமல் உட்கார்ந்து பரீட்சை எழுதுவது எப்படி என்று சொல்லித் தந்தவர், இந்தப் பூவுலகில் எங்கள் மட்டாஞ்சேரி நாட் கிவன் மாஷ் ஒருவர்தான்.

மாஷ் என்றால் எங்கள் ஊரில் வாத்தியார். உடனே நரைத்த தலையையும் கண்ணாடியையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். அவர் என்னைவிட நன்றாகவே இளையவர். மீசை அப்போதுதான் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. படிக்கப் போன நாங்களோ கல்யாணமாகி, பிள்ளை பெற்று, முட்டி வலியும் வந்துவிட்ட நர்சுகள். அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. அது கல்யாணப் பத்திரிகையில் வந்தபோது, யாரோ தப்பான பத்திரிகையைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டோம்.

பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை வேண்டுமென்றால் நர்சுகள் ஓர் இங்கிலீஷ் பரீட்சை பாஸ் செய்தாக வேண்டும். எல்லாம் கம்ப்யூட்டரில். படிக்கிற பகுதியில் ஒரு கட்டுரையைக் கொடுத்து, கீழே சில வாக்கியங்களைப் போட்டிருப்பார்கள். கட்டுரை அப்படியே சொல்கிறது என்றால் ‘ட்ரூ’. அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது என்றால் ‘ஃபால்ஸ்’. அந்தப் பேச்சே கட்டுரையில் இல்லை என்றால் ‘நாட் கிவன்’. கேட்க எவ்வளவு சுலபம்! நாங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் கவிழ்ந்தது இந்த மூன்றாவது பள்ளத்தில்தான்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வகுப்பில் தூக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை. வயதானவர்கள் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார்கள் என்று கீழே ஒரு வாக்கியம். கண்ணை மூடிக்கொண்டு ட்ரூவை அமுக்கினேன்.

“சிஸ்டரே, இது எந்தப் பத்தியில இருக்கு?” என்றார் மாஷ்.

“பத்தியில இல்ல மாஷே. எங்க வார்டுல இருக்கு. வெளுக்குறதுக்கு முன்னாடியே எல்லா அப்பச்சன்மாரும் எழுந்து உக்காந்து சாயா கேக்கும்.”

“உங்க வார்டைப் பத்தி கேள்வி போட்டவன் கேட்டானா? கட்டுரையில என்ன இருக்குன்னு கேட்டா, உங்களுக்கு என்ன தெரியும்னு சொல்றீங்க. தெரிஞ்சதையெல்லாம் கீழ படிக்கட்டுல செருப்போட கழட்டி வச்சிட்டு வாங்க. இதுக்கு விடை நாட் கிவன். மனசிலாச்சா?”

எதற்கெடுத்தாலும் நாட் கிவன் என்கிற இந்த வியாதி அவருக்கு வகுப்போடு நிற்கவில்லை. அவர் பெண் பார்க்கப் போன கதை மட்டாஞ்சேரி முழுக்கத் தெரியும். பெண்ணின் அப்பா, “மோளு நல்லா சமைப்பா. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா” என்றாராம். மாஷ் வாயிலிருந்த வாழைப்பழ பஜ்ஜியை விழுங்கிவிட்டு, “முதல் பாதிக்கு இந்தப் பழம்பொரி ஆதாரம். ரெண்டாம் பாதி நாட் கிவன்” என்றாராம். கூட வந்த மாமன் தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து பெண் உரக்கச் சொன்னாளாம்: “ரெண்டாம் பாதி ஃபால்ஸ்!” அவளைத்தான் கட்டினார். சண்டையும் சிரிப்புமாக நன்றாகத்தான் குடித்தனம் நடத்துகிறார்கள்.

எங்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர் ஒருநாள் லேட்டாக வந்து, “வண்டி பஞ்சர்” என்றார். “நாட் கிவன்” என்றேன். மனுஷன் பாவம், பஞ்சரான டயரையே உருட்டிக்கொண்டு வந்து அடுக்களையில் நிறுத்திவிட்டார்.

சென்டர் இருந்தது பஜாரில் ஒரு மொளகாய் கோடவுனின் மாடியில். கீழே மூட்டை இறக்கினால் மேலே வகுப்பே தும்மும். வேறு யாராக இருந்தாலும் இடத்தை மாற்றியிருப்பார்கள். மாஷ் அந்த இடத்தைத் தேடிப் பிடித்தவர். அவர் சித்தாந்தம் அப்படி. முதல் தடவை அவரே பரீட்சை எழுதப் போனபோது, பக்கத்து ஸீட்காரன் கீபோர்டைச் சுத்தியலால் அடிப்பது போல அடித்தானாம். மாஷுக்கு ஒரு வரியும் ஓடவில்லை. ஊத்திக்கொண்டது. அன்றைக்குக் கண்டுபிடித்தாராம்: “பரீட்சை ஹால்ல இங்கிலீஷ் தோக்காது சிஸ்டரே. காதுதான் தோக்கும்.”

அதனால் எங்கள் காதுக்குத்தான் பயிற்சி. நாங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும், கீழே மூட்டை தூக்கும் சேட்டன்மாரை மேலே கூப்பிட்டு, சாயா வாங்கிக் கொடுத்து, அரசியல் பேசவிடுவார். அவர்கள் பேசிக்கொண்டே இருந்தால் போதாது, கட்சி பிரிந்து அடித்துக்கொள்ள வேண்டும். சமாதானமாகப் போனால் மாஷே நடுவில் புகுந்து, “ஆனா உங்க தலைவர் அன்னைக்கு என்ன சொன்னாரு?” என்று கிள்ளிவிட்டு வருவார். நாங்கள் அதற்கு நடுவே துருவக் கரடிகளின் உணவுப் பழக்கத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்போம்.

இந்தப் படையின் பீரங்கி, எல்லோருக்கும் அண்ணனான காதர் இக்கா. மூட்டை தூக்கி ஓய்ந்தவர். அவர் இருமல் ஆரம்பித்தால் படகுத்துறையில் போட் கிளம்புவது கேட்காது. மாஷ் அவரைத் தினமும் என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நான் படிப்பேனா, அந்த இருமலைக் கேட்பேனா? நர்சு புத்தி போகுமா? நாலு நாள் கேட்டதும் எனக்கு இது சாதாரண இருமல் இல்லை என்று பட்டது. கையோடு இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, மருந்து வாங்கிக் கொடுத்து, பீடியையும் பிடுங்கிப் போட்டேன். கொஞ்ச நாளில் இருமல் போயே போச்சு.

மாஷ் இடிந்து உட்கார்ந்துவிட்டார். “என்ட சிலபஸையே குணமாக்கிட்டீங்களே சிஸ்டரே!”

காதர் இக்காவுக்கே குற்ற உணர்ச்சி. “மோனே, வேணும்னா நான் சும்மா இருமித் தரட்டா?” என்று இரண்டு தரம் இருமிக் காட்டினார். மாஷ் தலையை ஆட்டினார். “வேணாம் இக்கா. இது நாடக இருமல். இதுல பரீட்சை எழுதிப் பழகினா, அசல் இருமல் வந்தா என்ன செய்யும்?” அதன்பின் இக்காவுக்கு வேறு டூட்டி. துபாயில் இருக்கும் மகளோடு ஸ்பீக்கரில் போன் பேச வேண்டும். அது இருமலைவிடக் கொடுமை, ஏனென்றால் கதை சுவாரசியமாக இருந்தது.

சிரித்தது போதும். என் பாடு அப்போது சிரிக்கிற மாதிரி இல்லை. படிக்கிற பகுதியை ஒரு வழியாகத் தேற்றிவிட்டேன். எழுதுகிற பகுதியில் இரண்டு தடவையும் அரை மார்க்கில் போனது. இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி எனக்கு வேலை கொடுத்துவிட்டுக் காத்திருந்தது. அந்த மாசக் கடைசிக்குள் பாஸானால் நான், இல்லையென்றால் வேறொருத்தி. “உங்க வயசுக்கு இன்னொரு சான்ஸ் வராது, கேட்டோ” என்று ஏஜென்சிக்காரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். என் மகள் அந்த ஊரின் மழையைப் பற்றி, போய்ப் பார்த்தவள் மாதிரி ஸ்கூலில் கதை விட்டுக்கொண்டிருந்தாள். தோற்றால் அவளுக்கு எப்படிச் சொல்வேன் என்ற நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை.

இருநூற்றைம்பது வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும். வருஷக்கணக்காகக் கேஸ் ஷீட் எழுதிப் பழகிய கை எனக்கு. ‘பிள்ளைகள் போன் பார்ப்பது’ பற்றி எழுதச் சொன்னால், ‘பிள்ளைகள் போன் பார்க்கிறார்கள். கண் வலி உண்டு. தூக்கம் இல்லை. போன் குறைக்கச் சொல்லப்பட்டது. நிலைமை சீராக உள்ளது’ என்று முடித்துவிடுவேன்.

மாஷ் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இது கட்டுரையா, டிஸ்சார்ஜ் சம்மரியா?”

“இதுக்கு மேல என்ன மாஷே எழுதறது? நோயாளி பொழைச்சாச்சு.”

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்: “வீட்டுல உங்களுக்கும் அத்தைக்கும் எதுல சண்டை?”

வாயைக் கொடுத்தால் விடுவேனா? மாமியாருக்கும் எனக்கும் மீன் குழம்பில்தான் சண்டை. நான் கொச்சியில் பிறந்தவள், குடம்புளி போடுவேன். அத்தை ராமநாதபுரத்துக்காரர், நம்ம ஊர்ப் புளியைக் கரைத்து ஊற்றாவிட்டால் அது குழம்பே இல்லை என்பார். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. கீழே சேட்டன்மார் மூட்டையைப் போட்டுவிட்டு வந்து கேட்டார்கள்.

“இதை அப்படியே டைப் பண்ணுங்க” என்றார் மாஷ். “சிலர் குடம்புளி என்கிறார்கள், சிலர் சாதாப் புளி என்கிறார்கள். இரு தரப்பையும் அலசி உங்கள் கருத்தைச் சொல்க.”

கீபோர்டு புகைந்தது. முடித்துப் பார்த்தால் நானூறு வார்த்தை! நான் எழுந்து நின்றே விட்டேன். மாஷ் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“உங்க தரப்பு பிரமாதம். அத்தை தரப்புல ஒரே வரிதான் இருக்கு. ‘அத்தை சொல்வது தவறு’. இதுக்கு மார்க்கு கிடைக்காது. அத்தையே உக்காந்து எழுதின மாதிரி அவங்க பக்கத்தையும் எழுதணும்.”

அத்தை பக்கம் என்ன என்று எனக்கு எங்கே தெரியும்? வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கல்யாணமாகி இங்க வந்தப்ப பாஷை தெரியாது, கடை தெரியாது. வாயைத் தொறந்து பேச ஒரு சனம் கிடையாது. எங்கம்மா கட்டிக் குடுத்த புளிதான்டி எங்கூட இருந்துச்சு.” இத்தனை வருஷம் ஒரே அடுக்களையில் நின்று இதை ஒரு நாளும் கேட்டதில்லை. மறுநாள் நானே புளியைக் கரைத்தேன். அத்தை பதறிப்போய் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். “என்னடி, காய்ச்சலா?”

பரீட்சை நாள் வந்தது. எர்ணாகுளத்துக்கு போட்டில் போனோம். மாஷும் கூடவே வந்தார். வாசலில் செக்யூரிட்டி அவரை நிறுத்திவிட்டார், நான் மட்டும் மாடியேறினேன். அன்றைக்கு எழுத வந்தவர்களே நாலைந்து பேர். தரையெல்லாம் கார்ப்பெட். கீபோர்டு தட்டினால் பஞ்சைத் தட்டுகிற சத்தம்கூட இல்லை. அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. பிணவறையில்கூட பிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்கும்.

படிக்கிற பகுதியைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். எழுதுகிற பகுதி வந்தது. வயதான பெற்றோர் பிள்ளைகளோடு இருப்பதா, தனியே இருப்பதா, இரு தரப்பையும் அலசுக. அத்தையை வைத்தே எழுதித் தள்ளியிருக்க வேண்டிய தலைப்பு. கை ஓடவில்லை. கட்சிச் சண்டையும் தும்மலும் துபாய் போனுமாகப் படித்த காதுக்கு இந்த அமைதி தாங்கவில்லை. என் மூச்சு எனக்கே கேட்டது. ‘பெற்றோர் வயதானவர்கள். கவனிப்பு தேவை’ என்று டிஸ்சார்ஜ் சம்மரிதான் வந்தது. திரையின் மூலையில் நேரம் கரைந்துகொண்டிருந்தது. மகளின் மழை, ஆஸ்பத்திரி, எல்லாம் போச்சு என்று கண் இருட்டிவிட்டது.

அப்போதுதான் ஜன்னலுக்குக் கீழே வெடித்தது ஒரு குரல். எர்ணாகுளத்தின் நடுவே, நல்ல தமிழில்!

“இங்க நிக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு? காட்டும்! எந்தப் போர்டுல இருக்கு?”

“யோவ், நான் சொல்றேன்யா!”

“நீரு சொன்னா ஆச்சா? எழுத்துல காட்டும்!”

மற்றவர்கள் முகத்தைச் சுளித்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். நான் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தேன். மேற்பார்வைக்கார அம்மா எழுந்துபோய் ஜன்னலை இறுக்கிச் சாத்தினார். சண்டை இன்னும் ஒரு சுதி ஏறியது. என் விரல்கள் ஓட ஆரம்பித்தன. அத்தை தரப்பு, என் தரப்பு, அத்தையின் அம்மா தரப்பு என்று கடைசி நிமிஷம் வரை எழுதினேன்.

கீழே இறங்கி வந்தால், செக்யூரிட்டி அண்ணன் வியர்த்து விறுவிறுத்து ஸ்டூலில் சாய்ந்திருக்கிறார். தேனிக்காரராம்.

“இந்த ஆளு யாரும்மா உங்களுக்கு? நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாரு. உள்ள சத்தமா இருக்குமான்னு கேட்டாரு. ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும் சார்னு பெருமையாச் சொன்னேன். ‘அய்யோ, நான் தப்பாப் பழக்கிட்டேனே’ன்னு தலையில அடிச்சுக்கிட்டவரு, எந்திரிச்சு சண்டைக்கு வந்துட்டாரும்மா. நான் பயந்து, சரி நில்லுங்கன்னு விட்டுட்டேன். உடனே கிட்ட வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அண்ணா, விட்டுறாதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் பாக்கி இருக்கு, நல்லாக் கத்துங்க’ங்கிறாரு. நடுவுல எனக்குத் தண்ணி வேற வாங்கிக் குடுத்தாரு!”

மாஷ் கேட் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. ஒரு சத்தமும் வராமல், ‘எப்படி?’ என்று கையால் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். நடுரோட்டில் நின்று அழுதேன். மனுஷன் பயந்துபோய், தோற்றுவிட்டேனோ என்று அவரும் அழுதார்.

பாஸாகிவிட்டேன். அரை மார்க் கூடுதலாகவே வந்திருந்தது. இப்போது இங்கிலாந்தில் வேலை. வார்டில் யாராவது, உனக்கு இங்கிலீஷ் யார் சொல்லித் தந்தது என்று கேட்பார்கள். என் வீட்டில் நான் ஒற்றைப் பிள்ளை, கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. ஆனாலும் அப்படிக் கேட்கிறவர்களிடம் நான், “என் தம்பி” என்றுதான் சொல்கிறேன்.