வேப்பங்கொழுந்துச் சொக்கிலேட்டும் அம்மாவின் நேர்த்தியும்

பொய் சொல்லி நான் கெட்ட கதைகள் ஏராளம். உண்மை சொல்லிக் கெட்டது ஒரே ஒரு முறைதான். அதற்குத்தான் இன்றுவரை மன்னிப்புக் கிடைக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் தெருவில் நானும் அம்மாவும் மட்டும் குடியிருந்தோம். அப்பா போய்ச் சேர்ந்து எட்டு வருடம். அண்ணனுக்கு வெளிநாட்டுக் கப்பலில் வேலை. மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்த அவனுடைய கடிதம் திடீரென்று நின்றுபோனது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த அம்மா, வெருகல் முருகனுக்கு நேர்த்தி வைத்தார். மகனின் கடிதம் கைக்கு வரும்வரை பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர். பொழுதுபட்டால் ஒரு வாழைப்பழமும் அரைத் தம்ளர் பாலும்.

நாற்பது நாள் இப்படியே போனது. கிணற்றடியில் இரண்டு தரம் விழுந்தார். சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினால், "அவன் எங்க பட்டினி கிடக்கிறானோ, எனக்கு என்ன சோறு?" என்பார். ஆனால் இருமலுக்குக் கசாயம் வைத்துக் கொடுத்தால் மட்டும் மறுபேச்சில்லாமல் குடிப்பார். கேட்டால், "மருந்து சாப்பாட்டில சேராது பிள்ளை. விரதம் முறியாது."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மூளை இருக்கிறது என்ற நம்பிக்கையும் இருந்தது. (முதல் பிழை அதுதான்.)

அலுமாரிக்குள் அண்ணன் போன முறை கொண்டுவந்த சமையல் சொக்கிலேட் ஒன்று இருந்தது. ஒரு செங்கல் அளவு. கடைகளில் வெளிநாட்டுச் சாமான் எதையும் கண்ணால் காண ஏலாத காலம் அது. 'அவன் வந்துதான் உடைக்கவேணும்' என்று அம்மா பூட்டி வைத்திருந்தார். கப்பல் குசினியில் சூடான பாலாடையில் புதினாவை ஊறவைத்து, அதில் சொக்கிலேட்டை உருக்கி, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டுவார்கள் என்று அண்ணன் சொன்னதும் நினைவிருந்தது. புதினாவுக்குப் பதிலாக மூலிகையைப் போட்டால் அது மருந்துதானே?

துளசியையும் கற்பூரவள்ளியையும் ஊறவைத்தேன். ருசித்துப் பார்த்தால் அருமையாக இருந்தது. அதுதான் சிக்கல். இவ்வளவு ருசியான மருந்தை எந்தத் தாய் நம்புவாள்? ஒரு பிடி வேப்பங்கொழுந்தையும் போட்டேன். பிறகு ஈரக்கையை வைத்ததில் எல்லாம் மணல் மணலாகத் திரண்டது. மறுபடி பாலாடை விட்டு உருக்கினேன். எங்கள் வெக்கைக்கு அது இறுகுவதாக இல்லை. கிணற்றுத் தண்ணீரில் சட்டியை மிதக்கவிட்டு, விசிறி, வைது, கடைசியில் ஒருவழியாக உருட்டிச் சுக்குத்தூளில் புரட்டினேன். பார்க்க ஆட்டுப் புழுக்கை போலத்தான் இருந்தது.

பக்கத்துக் கடை முஸ்லிம் நானாவிடம் ஒன்றைக் கொடுத்தேன். மென்றுவிட்டு வெகுநேரம் யோசித்தார்.

"தங்கச்சி, நான் என்ன குத்தம் செஞ்ச?"

விஷயத்தைச் சொன்னேன். "எங்கட நோன்பில மருந்தும் ஏலாது. உங்கட ஆக்களுக்கு லேசு போல" என்றார்.

அம்மாவிடம் தோப்பூர்ப் பரியாரியார் தந்த நாட்டு மருந்து என்று சொன்னேன். முதல் உருண்டைக்கு முகம் கோணியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாகச் சாப்பிட்டார்.

"பரவாயில்லை. கைப்பு இருக்கு."

மூன்றாம் நாள், "பரியாரியார் இரண்டுதான் சொன்னவரோ? நாலு எண்டு சொல்லயில்லையே?" என்று கேட்டார். நாலாக்கினேன். ஒரு கிழமையில் முகத்தில் இரத்தம் ஊறியது. நான் என் கெட்டித்தனத்தை நினைத்துப் பூரித்துப் போனேன்.

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு நாலு உருண்டை. பன்னிரண்டரைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். நானாவின் வான் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான்தான் கொன்றுவிட்டேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். டொக்டர், குடல்வால் வீங்கிவிட்டது, வெடிக்கமுதல் வெட்டவேண்டும் என்றார்.

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" நேர்ஸ் கேட்டார்.

"ஒண்டுமில்லை. நான் விரதம்."

அம்மா பொய் சொல்லவில்லை.

"நல்லது, வெறும் வயிறு. இப்பவே செய்யலாம்" என்றார் டொக்டர். நான் நேர்ஸிடம் மெல்ல, சாப்பிட்டிருந்தால் என்ன என்று கேட்டேன். "மயக்கத்தில சத்தி எடுத்தா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஆள் தப்பாது."

தள்ளுவண்டியில் கிடந்தபடி அம்மா என் கையைப் பிடித்தார். "பயப்பிடாதை. நேர்த்தி முறியயில்லை. அவன் வருவான்."

சுவரோடு நின்ற நானா என்னைப் பார்த்தார். நாற்பத்தொன்பது நாள் பட்டினியை ஒரு வசனத்தில் அழிக்க எனக்கு மனம் வரவில்லை. வண்டி நகர்ந்தது.

"டொக்டர், அம்மா நாலு சொக்கிலேட் சாப்பிட்டவ. பதினொரு மணிக்கு."

வண்டி நின்றது. "சொக்கிலேட்டோ?"

"வேப்பங்கொழுந்து போட்டது" என்றேன். (தண்டனை குறையும் என்று நினைத்தேனோ என்னவோ.)

"அது மருந்து" என்றார் அம்மா.

"இல்லை அம்மா. அது அண்ணன்ர சொக்கிலேட்."

அம்மா என் கையை விட்டுவிட்டார்.

வயிறு வெறுமையாகும்வரை ஐந்து மணி நேரம் காத்திருந்தார்கள். எந்த நிமிடமும் குடல்வால் வெடிக்கலாம் என்றார்கள். அம்மா வலியில் முனகிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். நான் நிலத்தில் இருந்தேன். அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றிச் சிரிக்கும்படி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. அம்மா வீடு வந்தார். என்னோடு பேசவில்லை.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. எழுத்தெல்லாம் கோணல். கப்பலில் கம்பிக்கயிறு அறுந்து அண்ணனின் வலக்கையில் இரண்டு விரல் போய்விட்டது. இடக்கையால் எழுதப் பழகும்வரை யாருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறான். அம்மா வாசித்து முடித்து என்னைப் பார்த்தார்.

"நீ வாயைத் திறந்தாய். அவன்ர விரல் போச்சு."

நான் கடிதத்தைப் பிடுங்கித் திகதியைக் காட்டினேன். விபத்து நடந்தது நாலு மாதத்துக்கு முன். நேர்த்தியே வைக்காத காலம். சொக்கிலேட் அலுமாரிக்குள் இருந்த காலம். அம்மா திகதியை நிதானமாகப் பார்த்தார். கடிதத்தை மடித்தார்.

"நீ வாயைத் திறப்பாய் எண்டு முருகனுக்கு முன்னமே தெரியாதோ?"

இதற்கு மேல் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

அதன் பிறகு அம்மா பதினெட்டு வருடம் இருந்தார். நான் எதை நீட்டினாலும், கடைசிக் காலத்து மாத்திரை உட்பட, "இது மருந்தோ, சாப்பாடோ?" என்று கேட்காமல் வாயில் வைத்ததில்லை. அண்ணன் இப்போது கப்பலை விட்டு வந்து பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். கலியாணமோ பிறந்தநாளோ, நான் பலகாரத் தட்டோடு கிட்டப் போனால் போதும், சபை பார்க்க அந்த மூன்று விரல் கையைத் தூக்குவான்.

"எனக்கு வேண்டாம் தங்கச்சி. மிச்சம் எட்டுத்தான் கிடக்கு."