பேஸ்மட்டத்துக்குள் ஒரு பாம்பு

சிவில் டிப்ளமோ வாங்கிய ஒருவன் முதல் சில வருடங்களாவது கட்டடங்கள் பக்கம் போகாமல் இருப்பது நாட்டுக்கு நல்லது. இந்த உண்மையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வீடு தேவைப்பட்டது. யார் வீட்டையோ கெடுப்பானேன் என்று எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. செங்கல்பட்டுக்கு வெளியே புதிதாக முளைத்த ஒரு நகரில் அப்பா வீடு கட்டியிருந்தார். (நகர் என்றால் நான்கு வீடு, ஒரு தெருவிளக்கு, மிச்சமெல்லாம் கருவேலம்.) நான் டிப்ளமோவை முடித்துவிட்டு, நான்கைந்து வருடங்களாக, தகுதிக்கேற்ற வேலை என்னைத் தேடி வரட்டும் என்று பெருந்தன்மையாகக் காத்திருந்தேன். தங்கை கலா விலங்கியல் பட்டம் பெற்று ஒரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளைப் பெண் பார்க்க அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை பிரபாகருக்குக் கடற்கரைப் பக்கம் அணு ஆராய்ச்சி வேலை. ஈரோட்டுக் குடும்பம், தூரத்து உறவு, ஒரு தரகர் மூலம் வந்த வரன். அம்மா அந்த வாரம் முழுக்க வேறு எதையும் பேசவில்லை.

வெள்ளையடிப்பதற்காக வீட்டைச் சுற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்த அப்பா திடீரென்று கத்தினார்.

"டேய் முரளி! சிவில் படிச்சியே, இங்க வா. இன்னாடா இது?"

பேஸ்மட்டச் சுவரில், அதாவது வீட்டுத் தரையைத் தாங்கும் அடிச்சுவரில், தரையோடு தரையாக மூன்று ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் தாராளமாகக் கை நுழையும். போன மாதம் வரை அவை அங்கே இல்லை.

அப்பா என் படிப்பை மதித்து ஒரு கேள்வி கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. (கடைசித் தடவையும் அதுதான்.) நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். சுவரைத் தட்டினேன். காதை வைத்துக் கேட்டேன். எதுவும் கேட்கவில்லை என்பதை முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "செட்டில்மெண்ட் பிராப்ளம்பா. மண் இறங்குது, சுவர் பிளக்குது" என்றேன்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய கலா எட்டிப் பார்த்தாள். "பெருச்சாளிணா. இங்க பாரு, மண்ண வெளிய தள்ளி வெச்சிருக்கு. புழுக்கைகூடக் கெடக்குது."

"உன் படிப்புக்கு எல்லாமே எலியாத்தான் தெரியும். இது ஸ்ட்ரக்சர் விஷயம். நீ பஸ்ஸுக்குப் போ."

அவள் போய்விட்டாள். அத்தோடு அந்த வீட்டில் இருந்த அறிவும் பஸ் ஏறிவிட்டது.

அடுத்த நிபுணர், பக்கத்து வீட்டு லாரி டிரைவர் ஏழுமலை. பல்குச்சியோடு வந்து பார்த்தவர் ஒரே வார்த்தையில் முடித்தார். "பாம்பு."

"இன்னாங்க சொல்றீங்க!" அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல பாம்புதான் அண்ணி. உள்ளாற சோடியா கூட இருக்கும். மாப்ள வூட்டுக்காரங்க வர சொல்லோ படம் எடுத்துகினு நின்னா நல்லாவா இருக்கும்?"

அம்மா அழ ஆரம்பித்தார். நான் என்ன செய்தேன்? ஒரு நொடிகூட யோசிக்காமல் என் கொள்கையைக் கைவிட்டேன். மண் இறங்கியதால் சுவர் பிளந்தது, பிளவில் பாம்பு புகுந்தது என்று இரண்டு கட்சிகளையும் கூட்டணி சேர்த்தேன். அப்பாகூடத் தலையாட்டினார்.

திட்டமும் என்னுடையதே. கிணற்று மோட்டாரிலிருந்து ரப்பர் குழாயை இழுத்து முதல் ஓட்டையில் சொருகுவது. தண்ணீர் தாங்காமல் பாம்பு வேறு ஓட்டை வழியாக வரும். அங்கே ஏழுமலை தடியோடு நிற்பார். மோட்டாரைப் போட்டோம். தண்ணீர் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. பாம்பும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. ஏழுமலை தடியை ஊன்றிக்கொண்டு நின்றபடியே தூங்கினார்.

"மோட்டார் சூடாவுதுடா, போதும்" என்றார் அப்பா.

"ஓடட்டும்பா. பேஸ்மட்டம் ரொம்பணும் இல்ல?" என்றேன், பொறியியல் பூர்வமாக.

மத்தியானம் கொல்லைப்புறம் போனபோது ஒரு ஆச்சரியம். சாக்கடையோரச் சுவரின் கீழிருந்து தண்ணீர் கசிந்து ஓடியது. கூடவே அழகான மணல், சல்லடையில் சலித்ததுபோல, ஒரு குவியல். அந்தக் காலத்தில் பாலாற்று மணல் மலிவு. அப்பா பேஸ்மட்டம் முழுக்க அதைத்தான் கொட்டி நிரப்பியிருந்தார். இது எனக்கும் தெரியும். கொட்டும்போது லாரிக்குப் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தவனே நான்தான். ஆனாலும் அந்தக் குவியலைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: 'அட, பூச்சு வேலைக்குத் தோதான மணல்!'

அதை அள்ளி, சிமெண்ட் கலந்து, மூன்று ஓட்டைகளையும் நானே அடைத்தேன். வீட்டுக்கு அடியிலிருந்த மணலை வெளியே எடுத்து, அந்த மணலாலேயே வீட்டை மூடிய பொறியாளன் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மேலே சுண்ணாம்பு அடித்தபின் ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. "பரவால்லடா" என்றார் அப்பா. எனக்குக் கண் கலங்கியது.

இரண்டு நாள் கழித்துக் கலா சொன்னாள். "ணா, கூடத்துல நடந்தா டொம்மு டொம்முனு சத்தம் கேக்குது."

"அஸ்திவாரம் ஸ்ட்ராங்கா இருந்தா அப்படித்தான் கேக்கும்" என்றேன். அன்றிலிருந்து அவள் கூடத்தில் சுவரோரமாக மட்டும் நடக்க ஆரம்பித்தாள்.

ஞாயிறு வந்தது. மாப்பிள்ளை, அவர் அப்பா, பெரியப்பா மூவரும் வந்தார்கள். பெரியப்பா நல்ல ஆகிருதி. இரவல் வாங்கிய சோபாவைக் கூடத்தின் நட்டநடுவில் நான்தான் போட்டிருந்தேன். மூவரும் அதில் அமர்ந்தார்கள். பையன் என்ன செய்கிறான் என்று மாப்பிள்ளையின் அப்பா விசாரிக்க, "சிவில் இன்ஜினியர்" என்றார் அம்மா, டிப்ளமோவை விழுங்கிவிட்டு.

அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்ததுபோல் 'டப்' என்று ஒரு சத்தம். சிவப்புச் சிமெண்ட் தரை அப்பளம்போல் உடைந்தது. சோபாவின் பின்னங்கால்கள் உள்ளே போயின. மூவரும் அப்படியே மல்லாந்து, ஆறு கால்களும் எங்களை நோக்கி உயர்ந்தன.

மல்லாந்த நிலையிலேயே மாப்பிள்ளையின் அப்பா மிக மரியாதையாகக் கேட்டார். "ஏனுங்க, இது எப்பவுமே இப்படித்தானுங்களா?"

யாரும் பதில் சொல்வதற்குள் பிளவிலிருந்து ஒன்று ஏறி வந்தது. பூனை அளவுக்கு ஒரு பெருச்சாளி. உடம்பெல்லாம் மண். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்ததாகவே நினைவு. பிறகு வாசல் கோலத்தின் மேலேயே நடந்து போய்விட்டது.

காபித் தட்டோடு வந்த கலா நின்றாள். "ணா, உன் பாம்பு போவுது பாரு" என்றாள். பிறகு குழிக்குள் இருந்த மாப்பிள்ளையிடம் குனிந்து, "காபி அங்கயே குடுக்கட்டுமா, மேல வந்து குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

பிரபாகர் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. சிரித்தது அவர் மட்டும்தான். பெரியப்பாவைத் தூக்க ஏழுமலையைக் கூப்பிட வேண்டியிருந்தது.

தரகர் மறுநாளே வந்துவிட்டார். "அஸ்திவாரமே சரியில்லாத குடும்பமுங்க" என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லிவிட்டாராம். அம்மா அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா என்னைத் திட்டவில்லை. உடைந்த தரையின் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றுமே நடக்காததுபோல் பள்ளிக்குக் கிளம்பிய கலாவைப் பார்க்க முடியாமல் நான் கொல்லைப்புறம் போய் நின்றேன்.

அடுத்த வாரம் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. பிரபாகர் தனியாக வந்திருந்தார். கலாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பெருச்சாளின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்க?"

"மொத நாளே சொன்னேன். யார் கேட்டாங்க?"

அவர் ஊருக்குப் போய், "அந்த வீட்ல விவரமான ஆள் ஒருத்தர் இருக்காங்கப்பா. அவங்களத்தான் நான் கட்டிக்கப் போறேன்" என்று சொன்னாராம். அந்தத் தையிலேயே கல்யாணம் நடந்தது. மண்டபத்தில்தான். எங்கள் கூடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

நான் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டேன். கட்டடத் துறைக்கு நான் செய்த சேவை அது. இரண்டாயிரத்துக்குப் பிறகு பிரபாகர் மாமல்லபுரம் பக்கம் மனை வாங்கி வீடு கட்டினார். கட்டி முடிகிற வரை எனக்கு எந்த ஊரில் மனை என்றே சொல்லவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு மட்டும் அன்போடு அழைத்தார்.

போனேன். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். நடுவில் நாற்காலியில் அவருடைய அப்பா. நான் உள்ளே காலை வைத்ததும் அந்தப் பெரியவர் சட்டென்று எழுந்து ஓரமாகப் போய் நின்றார். இன்றுவரை எந்த விசேஷத்திலும் நான் நுழைந்தால் எழுந்துவிடுகிறார். விவரம் தெரியாதவர்கள் என்னை யாரோ பெரிய மனிதர் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் எழுந்து நிற்கிறார்கள். நானும் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.