ஐந்து லட்சம் கோடிப் புகார்கள்

"அய்யய்யோ, தேதியெல்லாம் நம்பரா மாறிடுச்சே!"

குழந்தைகள் சைக்கிள் கம்பெனியின் புகார்ப் பிரிவுத் தலைவி தலையில் கை வைத்துக்கொண்டார். முன்பெல்லாம் ஒரு ரிப்போர்ட்டுக்காகக் கம்ப்யூட்டர் பிரிவில் தவம் கிடக்க வேண்டும். போன வாரம் அவருடைய எக்செலில் புதிதாகச் சில பட்டன்களைச் சேர்த்துக் கொடுத்து, "இனிமே நீங்களே எடுத்துக்கலாம் மேடம்" என்று கழன்றுகொண்டார்கள்.

பிரேக் பிடிக்காத மாடல் எது என்று மூன்று மணிக்குள் மேனேஜரிடம் சொல்லியாக வேண்டும். தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு குழந்தை முட்டியைப் பெயர்த்துக்கொள்ளும்.

தேதியைச் சரிசெய்ய ஒரு பட்டனைத் தட்டினார். அறுநூறு புகார்களில் ஒன்றே ஒன்று மிஞ்சியது: 'பெல் சத்தம் பத்தலை.' பதறிப்போய் இன்னொன்றைத் தட்டினார். மொத்தப் புகார்கள் ஐந்து லட்சம் கோடி என்றது.

"உலகத்துல அத்தனை குழந்தைங்களே இல்லையே!"

அவசர அவசரமாக ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் போட்டார்.

"ஹலோ, நான் இங்க..." என்று மூச்சு வாங்கியது ஓர் ஆண் குரல்.

"சார், நான் வசமா மாட்டிக்கிட்டேன்!"

"நீங்களுமா?"

தலைவி மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டினார்.

"சரிம்மா, எனக்கு ஆள் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகுமாம். இந்தக் கண்றாவியோட நானும் மல்லுக்கட்டியிருக்கேன். சொல்லுங்க."

"கொஞ்சம் மேல வந்துட்டுப் போங்களேன்?"

"வரணும்னுதான் எனக்கும் ஆசை." பெருமூச்சு கேட்டது. "கண்டபடி பட்டனை அழுத்தாதீங்க, பிரயோஜனமே இல்லை. எதைக் கூட்டுதுன்னு பாருங்க."

பார்த்தார். புகார் கொடுத்தவர்களின் போன் நம்பர்களையெல்லாம் அது சிரத்தையாகக் கூட்டி வைத்திருந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கூட்ட வேணாம், எண்ணினா போதும்னு மாத்துங்க. ஃபில்டரை எடுங்க. அப்புறம் தேதியைப் பாக்கலாம்."

நீல மாடல், முன் பிரேக், இருநூற்றுப் பன்னிரண்டு புகார்கள். பளிச்சென்று வந்து நின்றது.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல சார்!"

"நான்தாம்மா சொல்லணும். நீங்க பேசிட்டே இருந்தது எவ்வளவு தெம்பா இருந்துச்சு! ஆள் வந்துட்டாங்க, வெச்சுடறேன்."

இப்படியும் ஒரு மனுஷனா! தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

ரிப்போர்ட்டைப் பார்த்த கையோடு நீல மாடலை நிறுத்தச் சொன்னார் மேனேஜர். தலைவி நேராக வரவேற்பறைக்கு ஓடினார்.

"ஹெல்ப் டெஸ்க்ல, அறுபத்தொண்ணாம் நம்பர்ல பேசின புண்ணியவான் யாரும்மா? நேர்ல பார்த்துக் கும்பிடணும்."

வரவேற்புப் பெண் விழித்தாள்.

"மேடம், ஹெல்ப் டெஸ்க் நம்பர் பதினாறு. அறுபத்தொண்ணு, மதியத்துலேருந்து நடுவழியில நின்னுபோயிருந்த லிஃப்ட்டுக்குள்ள இருக்கிற போன்!"