டேங்கிக்குப் போட்ட கம்பளி

பெண்டாட்டி குளிரில் நடுங்க, தண்ணீர்த் தொட்டிக்குக் கம்பளி போர்த்திய ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் டேங்கி மாமாதான். லிந்துலைப் பக்கம், மலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாய் நிற்கும் வீடுகளில், என் அடுத்த வீட்டுக்காரர்.

தேயிலைத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றதும் கூரையில் கறுப்புக் குழாயைச் சுருட்டிப் பரப்பினார். அதற்கு மேலே ஒரு பீப்பாயை ஏற்றி, வெயிலிலேயே தண்ணீர் காய்ச்சினார். மத்தியானம் தொட்டால் கை வெந்துபோகும். மத்தியானத்தில் யாருக்கு வேண்டும்? அவர் மனைவி சரசு அக்கா கொழுந்து பறிக்கப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவது விடியற்காலையில். அந்தக் குளிரில் அக்காவுக்கு விரல் மடங்காது, கொழுந்து கிள்ள முடியாமல் அழுவார். விடியும்வரை சூடு நிற்க வேண்டும், மாமாவுக்கு வேறு ஆசையே இல்லை.

கம்பளி மழையில் ஊறிப் பிழியப் பிழியத் தண்ணீர் விட்டது. அடுத்து, கழிவுத் தேயிலையை மூட்டை மூட்டையாகக் கட்டித் தொட்டியைச் சுற்றி அடுக்கினார்.

"பேக்டரில அந்தக் குவியலுக்குள்ள கைய விட்டுப் பாருங்க டீச்சர், என்னா கதகதப்பு!"

மூன்று நாள் அடைமழை. கூரையிலிருந்து என் வாளிக்குள் செக்கச் செவேலென்று இறங்கியது சாயம்.

"மாமா, சீனி மட்டும் போட்டாப் போதும்!" என்று கத்தினேன்.

"சிரிங்க டீச்சர், சிரிங்க. நாளைக்கி நீங்களும் வாளியத் தூக்கிட்டு வருவீங்கல்ல?"

ஆனால் தினமும் விடியலில் அவர், "சூடா இருக்கா சரசு?" என்பார். அக்கா அந்தப் பச்சைத் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டே, "கொதிக்குதுங்க" என்பார். எனக்குச் சிரிப்பாக வரும்.

கடைசியில் மீன் கடையிலிருந்து, ஐஸ் உருகாமல் வைக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளை வாங்கிவந்து, உடைத்துத் தொட்டியைச் சுற்றி ஒட்டி, மேலே தகரமும் அடித்தார். மறுநாள் விடியலில் குழாயைத் திறந்தால் ஆவி பறந்தது. ஓடிப்போய் எழுப்பினார். அக்கா எழவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார். பாவி மனுசன், ஒரே ஒரு நாள் முந்தியிருக்கக் கூடாதா!

சேலையை மறைப்பாகக் கட்டி லயத்துப் பெண்கள் நாங்கள்தான் அக்காவைக் குளிப்பாட்டினோம். வாளி வாளியாகக் கொண்டுவந்து கொடுத்த மாமா, வெளியே நின்று பழக்கத்தில் கேட்டுவிட்டார்:

"சூடா இருக்கா சரசு?"

மறைப்புக்குள்ளிருந்து நான்தான் சொன்னேன்:

"கொதிக்குதுங்க மாமா."

இப்போது லயத்துக்கே விடியலில் சுடுதண்ணீர் அவர் வீட்டிலிருந்துதான். என் வாளி நிறைந்ததும் அதே கேள்வியைக் கேட்பார். முந்தின நாள் வெயிலே காணாமல் தண்ணீர் சில்லென்று இறங்கினாலும் நான் "கொதிக்குதுங்க" என்றுதான் சொல்கிறேன்.