கைதட்டல் ஜோசியம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஜிம்முக்கு மேலே மூன்றாம் மாடிக் கூடத்தில் நிற்க இடமில்லை. லிஃப்ட் இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டு மூன்றாவது தடவை மக்கர் பண்ணி நின்றுவிட்டது. நக அலங்காரம் செய்கிறவர், நாய்க்கு முடிவெட்டுகிறவர், நாற்காலி பழுது பார்க்கிறவர் என்று குட்டி வீடியோ போடுகிற அத்தனை பேரும் லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு படியேறி வந்திருந்தார்கள். எல்லாம் ஒலிச்சாமியைப் பார்க்கத்தான்.

ஒலிச்சாமி தாயத்துக் கட்டமாட்டார், மந்திரம் ஓதமாட்டார். நவீனமான சாமி. முன்னால் போய் ஒரே ஒரு தடவை கைதட்டினால் போதும். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, உங்கள் வீடியோவுக்கு எந்த ஒலி மென்பொருள் ராசி, எது ஜென்ம விரோதி என்று புட்டுப்புட்டு வைத்துவிடுவார். இதுவரை கைதட்டிய எல்லோருக்கும், அவர்கள் வைத்திருப்பதுதான் விரோதி. எல்லோருக்கும் ராசியானது, சாமியே விற்கிற 'நாத முத்திரை'. கிரகங்களுக்குள் அப்படியொரு ஒற்றுமை.

வரிசையில் பூட்டுக்காரரும் நின்றார். சாவி தொலைந்த பூட்டைக் காதால் கேட்டே திறக்கிறவர். அந்த 'க்ளிக்'கைக் கேட்கவே ஆயிரக்கணக்கானவர்கள் அவர் வீடியோவைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் கடைக்கும் வந்தார்கள். ஒலி வேலை முழுக்க அவர் தங்கச்சியுடையது. காது பரிசோதனை மையத்தில் வேலை பார்க்கிறவள். வேலை முடிந்து வந்து, இலவச மென்பொருள் ஒன்றில் க்ளிக்குகளைத் துடைத்து அடுக்குவாள். நான்கு வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் பூட்டொலிகள் சேர்ந்திருந்தன. பித்தளைப் பூட்டு தனி, துருப்பிடித்தது தனி, முரண்டு பிடிப்பது தனி.

மூன்று வாரமாக வீடியோவை யாரும் சீந்தவில்லை. கடை வாசலும் வெறிச்சோடிவிட்டது. மனிதர் இடிந்துபோனார். இடிந்துபோனவர்கள்தானே இப்படிப்பட்ட மாடிகளுக்கு ஏறுகிறார்கள்.

முத்திரை வாங்க ஒரு நிபந்தனை உண்டு. பழைய மென்பொருளையும் அதில் சேர்த்துவைத்த ஒலிகளையும் மேடையிலேயே அழித்துவிட வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டு நாதம் குடியிருக்கக் கூடாது என்பது சாமி வாக்கு. ஒப்பிட்டுப் பார்க்கப் பழசு மிஞ்சக் கூடாது என்பது சாமி சொல்லாத வாக்கு.

"அண்ணா, அழிச்சா அழிச்சதுதான். பாதிப் பூட்டை ஆளுங்க வாங்கிட்டுப் போயாச்சு. அந்தச் சத்தத்தை மறுபடி எங்க போய்ப் பிடிப்பே?" என்றாள் வரிசையில் கூடவே நின்ற தங்கச்சி.

"நீ உன் மெஷினை நம்பு. நான் பெரியவங்களை நம்புறேன்."

"என் மெஷின் வேணாம். உன் காதை நம்பேன்."

அதற்குள் அவர் முறை வந்துவிட்டது. மேடையேறிக் கைதட்டினார். சாமி உதட்டைப் பிதுக்கினார்.

"இரும்போட பழகுற கை. இலவச மென்பொருள் ஆகவே ஆகாது. உங்க க்ளிக்கோட உயிரை உறிஞ்சிடுச்சு."

"ஆமாங்க சாமி, மூணு வாரமா."

சாமி ஒரு க்ளிக்கை எடுத்து நாத முத்திரை வழியாக அனுப்பினார். முதலில் பழையது ஒலித்தது. பிறகு முத்திரை பெற்றது ஒலித்தது. கூடமே கிறங்கிப்போனது. கனமாக, தெளிவாக, காதுக்குப் பக்கத்திலேயே பூட்டுத் திறந்த மாதிரி இருந்தது. நக அலங்காரக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூட்டுக்காரருக்கே உடம்பு சிலிர்த்தது.

"மனுஷக் காதுக்கு எட்டாத ஒரு நாதத்தை உள்ள வச்சிருக்கேன். அதுதான் ஆளை இழுக்கும். ம், பழசை அழிங்க" என்றார் சாமி.

பூட்டுக்காரரின் விரல் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது.

"சாமி, ஒரு சின்ன சந்தேகம்." தங்கச்சி அதற்குள் மேடையேறி வந்திருந்தாள். "ஒரே பேச்சை ரெண்டு தடவை போட்டு, ரெண்டாவதைக் கொஞ்சம் சத்தமா வச்சா, அதுதான் தெளிவா இருக்குன்னு எங்க மையத்துக்கு வர்றவங்க சொல்லுவாங்க. உங்களுதும் கொஞ்சம் சத்தமாத்தான் இருக்கு. ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வரட்டுமா?"

"நாதத்தை அளக்கக் கூடாதும்மா. முத்திரை கோவிச்சுக்கும்."

"கோவிச்சுக்கட்டும் சாமி, நான் சமாதானம் சொல்லிக்கிறேன்."

கூட்டம் சிரித்துவிட்டது. சிரிக்கிற கூட்டத்தின் முன்னால் சாமிக்கு மறுக்க வழியில்லை. அவள் சத்தத்தைச் சமப்படுத்திவிட்டு, அண்ணனைத் திரும்பி நிற்கச் சொன்னாள்.

"திரையைப் பாக்காதே. பூட்டுத் திறக்கிறப்போ கேப்பியே, அப்படிக் கேளு. எது சாமியோடது?"

க்ளிக். க்ளிக். மறுபடி போடச் சொன்னார். ஐந்து தடவை கேட்டார். பூட்டுக்குள் மயிரிழை அசைந்தாலும் கண்டுபிடிக்கிற காது அது.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

"அதான் சொன்னேனே, மனுஷக் காதுக்கு எட்டாதுன்னு" என்று பாய்ந்தார் சாமி.

"சரி, காதே வேணாம்" என்றாள் அவள். "ஒரு ஒலியைத் தலைகீழாக்கி இன்னொண்ணோட சேர்த்தா, ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கிறதெல்லாம் கழிஞ்சுடும். நீங்க உள்ள வச்சது மட்டும் மிஞ்சும். காதுல விழலைன்னாலும் திரையில கோடு நெளியும்."

சேர்த்தாள். ஒலிபெருக்கியை முழுக்கத் திருகிவிட்டாள். திரையில் கோடு ஆடாமல் அசையாமல் படுத்துக் கிடந்தது. கூடத்தில் சத்தமே இல்லை.

"எனக்கு லேசா கேக்குதே" என்றாள் நக அலங்காரக்காரி.

"அது கீழ ஜிம்முல வெயிட் போடுறாங்கம்மா" என்றார் நாய்க்கு முடிவெட்டுகிறவர்.

சாமி அப்போதும் விடவில்லை. "முத்திரையே மௌனத்துலதான் இருக்கு."

"மௌனம் இலவச மென்பொருள்லயே வருது சாமி."

கூடமே கைதட்டியது. இத்தனை கைதட்டல் விழுந்தும் சாமி யாருக்கும் ஜோசியம் சொல்லவில்லை. நழுவுவதற்குப் பக்கவாட்டுக் கதவைத் தேடிக்கொண்டிருந்தார். கைதட்டாத ஒரே ஆள் நாற்காலிக்காரர். அவர் போன வாரமே எல்லாவற்றையும் அழித்து முத்திரை வாங்கியவர். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பூட்டுக்காரர் லேப்டாப்பை மூடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். படியிறங்கும்போது கேட்டார்: "அப்போ மூணு வாரமா வீடியோ ஏன் படுத்துச்சு?"

"இரும்புக்கடைக்காரர் ஒரு பெட்டி நிறையப் பூட்டு குடுத்தாரே, மூணு வாரமா வீடியோவுல அதையே திறந்துட்டிருக்கே. அத்தனையும் ஒரே மாடல், ஒரே க்ளிக். நான் சொல்லாத நாளில்லை."

பூட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். வாசலில் நாற்காலிக்காரர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

"அண்ணே, பக்கத்துத் தெருவுல ஒருத்தர் மைக்கை முகர்ந்து பாத்தே சொல்றாராம். நிஜமான ஆளாம். போய்ப் பாக்கலாமா?"

"தாராளமாப் போங்க" என்றார் பூட்டுக்காரர். "போறதுக்கு முன்னாடி உங்க காதையும் மூளையையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. ரெண்டும் இலவசமாக் கிடைச்சதுங்கிறதாலதானே நாம மதிக்கிறதே இல்லை."