எலுமிச்சம்பழம் நசுங்காத வண்டி

பாதுகாப்பு என்பது ஒரு நாட்டின் உயிர்நாடி. ஆகவே, நடக்கச் சிரமப்படுபவர்கள் உட்கார்ந்து நடைபாதையில் ஓட்டும் மின்வண்டிகள் மெதுவாக ஓட வேண்டும் என்று மெதுவேக வாகன வாரியம் அறிவித்தபோது எல்லாரும் வரவேற்றார்கள். சில மாதங்கள் கழித்து, இன்னும் மெதுவாக ஓட வேண்டும் என்று அறிவித்தது. அதையும் வரவேற்றார்கள். வேகம் குறையக் குறைய வரவேற்பு கூடியதால், எங்காவது நிறுத்திக்கொள்ள வாரியத்துக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

புக்கிட் மேரா வட்டாரத்தில் குடியிருக்கும் லாசரஸ் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். குனிந்து குனிந்து வேலை பார்த்ததில் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. குரல் தேயவில்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில், பைபிளின் முதல் வாசகம் முடிந்ததும் வரும் பதிலுரைப் பாடல் அவருடையது. ஆனால் சமீப காலமாக, அவர் தடியை ஊன்றிக் கோயில் வாசலை அடைவதற்குள் முதல் வாசகம் முடிந்து, பாட ஆளில்லாமல் சபை விழித்துக்கொண்டிருந்தது. பாடகர் குழுவை நடத்தும் ஜூலியஸ் அவரைத் தனியே அழைத்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இன்னொரு தடவை லேட்டானா பாட்டை சேவியர்கிட்ட குடுத்துடுவேன்."

"சேவியருக்கு சுதி நிக்காதே தம்பி."

"சுதி நிக்காது. ஆனா ஆளு நேரத்துக்கு வந்து நிக்கிறாரு லா."

லாசரஸ் மறுநாளே தேக்கா கடைத்தெருவுக்குப் போய், மின்வண்டிக் கடை ஒன்றில் நுழைந்தார். விற்பனைக்கு நின்ற யாமினி சிரித்த முகத்துடன் வரவேற்றாள்.

"இது எவ்வளவு வேகம் போகும்மா?"

"ஐயோ அங்கிள், அப்படிக் கேக்காதீங்க. எவ்வளவு மெதுவா போகும்னு கேளுங்க. அந்தப் பச்சை வண்டி போன வருஷ மாடல், நடக்கிற ஸ்பீடு. இந்தச் சிவப்பு அதைவிட ஸ்லோ. அதான் விலை கூட."

"மெதுவா போறதுக்கு விலை கூடவா?"

"பின்னே? ஓட்டுறதுக்கு ஒரு மோட்டார் போதும் அங்கிள். இதுல அந்த மோட்டாரைப் பிடிச்சு நிறுத்த இன்னொரு மோட்டார் இருக்கு."

பச்சை வண்டிக்கு அந்த வாரத்தோடு அனுமதி முடிகிறது என்றாள். சிவப்பு வண்டி புக்கிட் மேராவுக்கு வந்தது.

புது வண்டியைக் கோயில் வளாகத்தில் ஃபாதர் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அவர் உள்ளே போனதும், லாசரஸின் மனைவி அந்தோனியம்மாள் கைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். ஃபாதரின் ஆசீர் ஆன்மாவுக்கு, எலுமிச்சம்பழம் டயருக்கு என்பது அவள் நம்பிக்கை.

லாசரஸ் விசையைத் திருகினார். வண்டி பழத்தைத் தொட்டது. நின்றது. "முன்னால் தடை உள்ளது, தயவுசெய்து பொறுமை காக்கவும்" என்று நான்கு மொழிகளில் சொல்லிவிட்டு, மரியாதையாகப் பின்வாங்கியது. எத்தனை முறை திருகினாலும் அதே மரியாதை.

"என்னங்க, இறங்குங்க" என்றாள் அந்தோனியம்மாள். "பழம் நசுங்காத வண்டியில உங்களை ஏத்திட்டு நான் நிம்மதியா இருக்க முடியாது."

"புதுசு வாங்கின வண்டிம்மா!"

"அதனாலதான் சொல்றேன். பழசா இருந்தா எப்பவோ நசுக்கியிருக்கும்."

லாசரஸ் வாரியத்துக்குப் போனார். மேசைக்கு அப்பால் வெங்கடேஷ் என்ற அதிகாரி இருந்தார். சென்னையிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்தவர். பொதுமக்களிடம் தூய தமிழ் பேச வேண்டும் என்று பயிற்சி பெற்றிருந்தார்.

"வாகனம் கனியை நசுக்கவில்லை என்பது புகாரா, பாராட்டா ஐயா?"

"புகார்தாங்க. வீட்ல ஏற விடமாட்டேங்குறாங்க. கொஞ்சம் பவர் கூட்டிக் குடுத்தீங்கன்னா..."

வெங்கடேஷ் எழுந்தே நின்றுவிட்டார். "எங்களிடம் பொறியாளர்கள் இருக்கிறார்கள், மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆபத்தற்ற வாகனம் எது என்று கண்டறிய இத்தனை எளிய வழி ஒருவருக்கும் தோன்றவில்லை! எலுமிச்சம்பழத்துக்கே தீங்கு செய்யாத வாகனம் மனிதருக்குத் தீங்கு செய்யுமா? தங்கள் ஆலோசனை ஏற்கப்பட்டது."

"நான் ஆலோசனை எதுவும் சொல்லலைங்களே."

"அடக்கத்துடன் சொன்னீர்கள் என்றும் பதிவு செய்கிறேன்."

அடுத்த வாரமே விதி வந்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்கும் எந்த மின்வண்டியும் நடைபாதைக்குத் தகுதியற்றது. அழுகல் பழத்தை வைத்து நல்ல வண்டியைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக, தேக்கா காய்கறிக் கடைக்காரர் சேக் தாவூது அதிகாரபூர்வப் பழ வழங்குநர் ஆனார். ஊறுகாய் போடப் பழம் கேட்டு வந்தவர்களிடம், "இது கவர்மென்ட் பழம்மா, தொடாதீங்க" என்றார்.

கடைகளில் போட்டி சூடு பிடித்தது. பழத்தைத் தொட்டதும் நிற்கும் வண்டி பழையதாயிற்று. பழத்தைக் கண்டதும் நிற்கும் வண்டி வந்தது. அதன் பின், வாசனைக்கே நின்றுவிடும் வண்டி வந்தது. அதில் ஏறித் தேக்கா சந்தைக்குள் நுழையவே முடியாது என்பதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டார்கள். விலை கூடியது. விலை கூடியதால் மதிப்பு கூடியது. வங்கிகளில் வேலை பார்ப்பவர்கள், காலையில் பத்து சுற்று ஓடுபவர்கள் எல்லாரும் வாங்கினார்கள். அவசரம் உள்ளவன் சாதாரண ஆள் என்றும், மெதுவாக வருபவனுக்காக மற்றவர்கள் காத்திருப்பார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள்.

லாசரஸ் மட்டும் நடுவில் அகப்பட்டுக்கொண்டார். நசுக்கினால் வாரியம் விடாது. நசுக்காவிட்டால் அந்தோனியம்மாள் விடமாட்டாள். கடைசியில் ஜூலியஸை உதவிக்குக் கூப்பிட்டு, இருவரும் பின்னாலிருந்து மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். பழம் பிதுங்கியது. அந்தோனியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். லாசரஸ் ஏறி உட்கார்ந்து தன் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்டை அடைவதற்குள், வெங்கடேஷ் அங்கே நின்றிருந்தார். வண்டி தன் குற்றத்தைத் தானே வாரியத்துக்குத் தெரிவித்திருந்தது.

"நாங்கதாங்க தள்ளினோம்" என்றார் லாசரஸ்.

"தள்ளியது நீங்கள். நசுக்கியது வாகனம். தண்டனை வாகனத்துக்குத்தான், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி அதை ஏற்றிக்கொண்டு போனார்.

ஞாயிறு வந்தது. இன்று தவறினால் பாட்டு சேவியருக்கு. லாசரஸ் விடிந்ததும் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பாதி வழியில், பாடகர் குழு முழுவதும் புத்தம் புது வண்டிகளில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஜூலியஸ், பின்னால் சேவியர். எல்லாருக்கும் நல்ல கால்கள்.

"என்ன அண்ணே, நடந்தா வர்றீங்க?" என்று ஜூலியஸ் சங்கடப்பட்டார். "பூசைக்கு வர்றவங்க பார்த்தா நல்லா இருக்காது."

லாசரஸ் நிற்கவில்லை. தடியை ஊன்றி அவர்களைக் கடந்து போனார்.

கோயில் மணி அடிக்கும்போது அவர் வாசலில் இருந்தார். வெங்கடேஷும் இருந்தார்.

"ஐயா, அனுமதி பெற்ற வாகனங்களைத் தாங்கள் முந்தியிருக்கிறீர்கள். பாதசாரிகள் இப்படி அச்சுறுத்தலாக நடப்பதாகப் புகார் வந்துள்ளது. மேலும், இவ்வளவு விரைவாக நடக்கக்கூடியவருக்கு மின்வண்டி தேவையில்லை என்று வாரியம் முடிவு செய்திருக்கிறது."

"உள்ளே முதல் வாசகம் ஆரம்பிச்சிடுச்சுங்க. பாடிட்டு வந்துடறேன்."

"விசாரணை முடியட்டும் ஐயா."

"யாருங்க புகார் குடுத்தது?"

வெங்கடேஷ் தெருப்பக்கம் கையைக் காட்டினார். தூரத்தில் வந்துகொண்டிருந்த பாடகர் குழு, தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து உற்சாகமாகக் கையசைத்தது. உள்ளே பதிலுரைப் பாடலுக்காக எல்லாரும் சுற்றிலும் பார்த்துவிட்டு, பாடல் இல்லாமலே அடுத்த வாசகத்துக்குப் போனார்கள். பாடகர் குழு வாசலை அடைந்தபோது பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நேரே வண்டிகளைச் சூழ்ந்துகொண்டு, எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார்கள்.