பவளத்தின் கலியாணம் தள்ளிப்போன கதை

“பவளத்தை உருண்டைக்குக் கட்டிவைச்சால் சுன்னாகச் சந்தையிலை ஒருத்தரும் கடை திறக்கமாட்டினமாம். வாசகர் கந்தோர் போனுக்கு எடுத்துச் சொன்னவை,” என்றாள் கோபிகா.

வாகீசனின் கையிலிருந்த கலியாணப் படம் வாடிய வெற்றிலைபோல் துவண்டது.

செவ்வாய்தோறும் சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிள் மிதித்து வாரப் பத்திரிகையின் கந்தோருக்கு வந்து, ‘உருண்டையும் சப்பட்டையும்’ சித்திரக்கதை கொடுப்பவன் அவன். உருண்டையும் சப்பட்டையும் ஒரே கோப்பையில் சோறு சாப்பிடுகிற சிநேகிதர்கள். உருண்டைக்குப் பவளத்தின்மேல் காதல். பவளத்துக்கோ, அங்கே படங்களுக்கு நிறம் தீட்டும் கோபிகாவின் கண், கோபிகாவின் மூக்கு, கோபிகாவின் பின்னல். அந்தப் பின்னலை வரைந்து வரைந்தே யாழ்ப்பாணத்தில் கறுப்பு மைக்குத் தட்டுப்பாடு வந்தது.

உருண்டை தாலி கட்டியதும் தொடர் முடியும். அன்றைக்கே கோபிகாவிடம் மனதைச் சொல்லிவிடுவதென்று வாகீசன் இருந்தான். அதற்கு முன் வாய் திறக்கும் தைரியம் அவனுக்கு ஏழு பிறப்பிலும் கிடையாது.

“ஏனாம்?”

“சப்பட்டையைத் தனிய விட்டிட்டு உவன் மட்டும் கட்டலாமோ எண்டு கேக்கினம். சிநேகிதத்துக்கு அழகோ அது?”

நியாயமாகத்தான் பட்டது. தனியே நிற்காமல் ஒரு வழி பார்க்கட்டுமென்று, அடுத்த கிழமைக் கதையில் சப்பட்டையைக் கனடாவுக்கு ஏற்றிவிட்டான்.

“ஏன் அனுப்பினனீங்கள்?” என்றாள் கோபிகா, அதற்கடுத்த செவ்வாய். “கனடா மாப்பிள்ளை இருக்க, வெங்காயத் தோட்டம் செய்யிற உருண்டைக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம் எண்டு மயிலிட்டியிலை இருந்து ஒரு அம்மா ஏசுறா. பவளம் இனிச் சப்பட்டைக்குத்தானாம்.”

வாகீசனுக்கு வேர்த்ததில் சட்டையைப் பிழிந்து ஒரு தோட்டத்துக்கு இறைத்திருக்கலாம். சப்பட்டையின் சாதகத்தில் செவ்வாய் தோசத்தைத் தூக்கி வைத்தான். மறுகிழமை கோபிகா வாசலிலேயே நின்றாள்.

“ஒரு சாத்திரியார் போன் எடுத்தவர். பவளத்துக்கும் செவ்வாயாம். அச்சொட்டாய்ப் பொருந்துதாம்.”

“பவளத்தின்ரை சாதகம் அவருக்கு எப்பிடித் தெரியும்?”

“மூக்கைப் பாத்தாத் தெரியுமாம்.”

வாகீசன் எதிரே இருந்த அந்த மூக்கைப் பார்த்தான். அவன் விட்ட பெருமூச்சில் மேசையில் கிடந்த தாள்களெல்லாம் பறந்தன.

கடைசி முயற்சியாக, சப்பட்டையைக் கனடாவிலிருந்து இறக்கினான். “மச்சான், உன்ரை கண்ணீரைவிடக் கனடா பெரிசே?” என்று சப்பட்டையே உருண்டையைத் தூக்கிப்போய் மணவறையில் இருத்தினான். கெட்டிமேளம், தாலி, கீழே ‘முற்றும்’. இதற்கு மேல் எந்தச் சந்தையும், எந்தச் சாத்திரியாரும் வாய் திறக்க முடியாது.

படத்தைப் பார்த்த கோபிகாவின் முகம் சுருங்கியது.

“இதையும் விடமாட்டினம். பவளத்தின்ரை சித்தப்பாவுக்குச் சொல்லேல்லை எண்டு கோவிப்பினம்.”

“பவளத்துக்குச் சித்தப்பாவே இல்லையே.”

“இருந்தால் கோவிப்பார்தானே?” என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கந்தோரில் தேத்தண்ணி போடும் சின்னத்தங்கம் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள்.

“அக்கா, அடுத்த வாசகர் போன் எடுத்தால் என்னட்டைத் தாங்கோ,” என்றான் வாகீசன். “நானே கதைச்சு ஒரு முடிவு கட்டுறன்.”

சின்னத்தங்கம் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“போன் செத்து ஒரு வருஷம், தம்பி; கதை முடிஞ்சால் நீர் இஞ்சாலை வரமாட்டீர் எண்டு, அந்தப் பிள்ளைதான் அவ்வளவு சனமாயும் நிண்டு கதைச்சது.”